செங்குரங்கும் காப்பித் துருவும்

2008 நவம்பரில் லண்டன் கென்சிங்டனில், ராயல் புவியியல் கழகத்தின் அரங்கில் ஒரு பொது விவாதம் நடந்தது. எந்த உயிரினத்தை இழந்தால் உலகம் ஈடுகட்டவே முடியாது என்பது கேள்வி. எர்த்வாட்ச் அமைப்பு கூட்டிய அந்த அவையில் ஐந்து அறிவியலாளர்கள் ஐந்து உயிர்க் கூட்டங்களுக்காக வாதாடினார்கள். குரங்கினங்களுக்கு இயன் ரெட்மண்ட், பூஞ்சைகளுக்கு லின் பாடி, தேனீக்களுக்கு ஜார்ஜ் மெக்கேவின், வௌவால்களுக்கு கேட் ஜோன்ஸ், கடலில் மிதக்கும் நுண்ணுயிர்களுக்கு டேவிட் தாமஸ். அவையோர் வாக்களித்தார்கள். தேனீ வென்றது.

பூஞ்சைக்காகப் பேச நல்ல சான்றுகள் நிறைய உண்டு. விழுந்த மரத்தை மண்ணாக்குவது பூஞ்சை. பெரும்பாலான செடிகளின் வேரோடு இணைந்து அவற்றுக்குச் சத்து சேர்ப்பதும் பூஞ்சை. அதே லண்டனில், பேடிங்டனின் செயின்ட் மேரி மருத்துவமனையில் 1928-ல் அலெக்சாண்டர் ஃபிளெமிங் கண்ட பெனிசிலின் பூஞ்சை தந்தது. ஆனால் பூஞ்சைகளில் இன்னொரு பெரிய கூட்டம் இருக்கிறது. உயிருள்ள பயிரில் குடியேறி அதை நோயாக்கும் கூட்டம் அது. அதற்காக வாதாட ஆள் கிடைப்பது கடினம். இந்தக் கட்டுரை எடுத்துக்கொள்வது அந்தக் கடினமான கேள்வியை: அழிவின் விளிம்பில் இருக்கும் ஒரு குரங்கையும், பயிரை அழிக்கும் ஒரு பூஞ்சையையும் ஒரே தராசில் நிறுத்தலாமா? நிறுத்தினால் எது கனக்கும்?

எடுத்துக்காட்டுக்கு இலங்கையின் மலைநாட்டை எடுத்துக்கொள்கிறேன். காப்பியின் இலைத்துரு நோயும், அந்தத் தீவைத் தவிர வேறெங்கும் இயற்கையாக வாழாத செங்குரங்கும் அதே மலைகளில் கதை கொண்டவை. அந்த மலைகளின் கதை தமிழர்களின் கதையும்கூட.

முதலில் பூஞ்சை. காப்பி இலையின் அடிப்பக்கம் ஆரஞ்சு நிறப் பொடி அப்பியதுபோல் வட்டம் வட்டமாகத் தெரியும். அந்தப் பொடி முழுவதும் வித்துகள். ஈரம் பட்ட இலையில் ஒரு வித்து முளைத்து, இலை மூச்சுவிடும் துளை வழியாக உள்ளே போய், உயிருள்ள செல்களிலிருந்து உணவை உறிஞ்சி வளரும். செத்த இலையில் அதனால் வாழ முடியாது. ஆய்வகத் தட்டில் தனியாக வளர்க்கவும் முடியவில்லை. நோய் கண்ட இலைகள் முன்கூட்டியே உதிர்கின்றன; இலையில்லாத செடி காய்ப்பதை நிறுத்துகிறது; சில ஆண்டுகளில் பட்டுப்போகிறது.

1869-ல் இலங்கையின் மடுல்சீமைப் பகுதியில் இந்த நோய் தென்பட்டது. பேராதனைத் தாவரவியல் தோட்டத்தின் இயக்குநர் த்வெயிட்ஸ் நோய் கண்ட இலைகளை இங்கிலாந்துக்கு அனுப்பினார். அவற்றை ஆராய்ந்தவர் மைல்ஸ் பெர்க்லி என்ற பாதிரியார். 1840-களில் அயர்லாந்தைப் பட்டினியில் தள்ளிய உருளைக்கிழங்கு நோய்க்கு மழையோ பனியோ காரணமில்லை, ஒரு பூஞ்சையே காரணம் என்று 1846-ல் லண்டன் தோட்டக்கலைக் கழகத்தின் இதழில் எழுதியவர் அவர். பெரும்பாலோர் அப்போது நம்பவில்லை. (அந்த உயிர் உண்மையான பூஞ்சைகளின் வம்சத்தைச் சேர்ந்ததில்லை என்பது பிற்காலத்தில் தெரியவந்தது. ஆனாலும் நோயை உண்டாக்குவது ஓர் உயிர் என்ற அவருடைய வாதம் நின்றது.) 1869 நவம்பரில் 'கார்டனர்ஸ் கிரானிக்கிள்' இதழில் பெர்க்லியும் அவர் நண்பர் புரூமும் காப்பித் துருவுக்கு ஹெமிலியா வாஸ்டாட்ரிக்ஸ் என்று பெயரிட்டார்கள்.

அப்போது இலங்கை உலகின் முன்னணிக் காப்பி நாடுகளில் ஒன்று. 1870-ல் அங்கு விளைந்தது சுமார் 4.5 கோடி கிலோ. 1889-ல் அது 23 லட்சம் கிலோவாகச் சுருங்கிவிட்டது. இருபது ஆண்டுகளில் ஒரு நாட்டின் முதன்மைத் தொழில் மறைந்தது. இதற்குப் பூஞ்சை மட்டுமே காரணம் என்று சொல்வது மிகை. பிரேசில் காப்பி சந்தையை நிறைத்தது, கடன் நெருங்கியது, தோட்டக்காரர்களுக்குப் பணம் கொடுத்துவந்த ஓரியண்டல் வங்கி 1884-ல் விழுந்தது. ஆனால் துரு வராதிருந்தால் மற்ற அடிகளைத் தாங்கியிருக்கக்கூடும்.

1880-ல் இங்கிலாந்திலிருந்து ஹாரி மார்ஷல் வார்டு என்ற இளைஞரை இந்த நோயை ஆராய அனுப்பினார்கள். இரண்டு ஆண்டுகள் அங்கே இருந்தார். வித்து முளைப்பது முதல் மறுபடி வித்தாவது வரை முழுச் சுழற்சியையும் வரைந்து காட்டினார். காற்றில் வித்துகள் பரவுவதைக் கண்ணாடித் துண்டுகளைத் தொங்கவிட்டுப் பிடித்துக் காட்டினார். அவர் எழுதிய அறிக்கைகளில் எனக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று. மலையை மொட்டையடித்துக் கண்ணுக்கெட்டிய தூரம் ஒரே செடியை நட்டதுதான் பூஞ்சைக்கு இவ்வளவு பெரிய விருந்தை வைத்தது என்று அவர் அன்றே சொல்லிவிட்டார். மரங்கள் காற்றைத் தடுக்கவில்லை. இடையில் வேறு செடிகள் இல்லை. ஒரு வித்து எங்கே விழுந்தாலும் அது காப்பி இலையில்தான் விழுந்தது. தோட்டக்காரர்கள் மருந்து கேட்டார்கள். அவரிடம் மருந்து இல்லை.

இந்த நோய் தமிழர் வாழ்க்கையை மாற்றிய விதம் இன்னும் போதுமான அளவு பேசப்படவில்லை என்பது என் எண்ணம். காப்பிக் காலத்தில் புதுக்கோட்டை, திருச்சி, மதுரை, இராமநாதபுரம் பக்கத்திலிருந்து கங்காணிகளோடு போனவர்கள் பெரும்பாலும் பருவத்துக்குப் போய்த் திரும்பியவர்கள். மன்னார் கரையில் இறங்கி, காட்டு வழியாக மாத்தளை நோக்கி நடந்தார்கள். வழியில் வாந்திபேதியிலும் பசியிலும் செத்தவர்கள் ஏராளம். அறுவடை முடிந்ததும் ஊர் திரும்பித் தங்கள் நிலத்தில் வேலை பார்த்தார்கள். காப்பி ஆண்டில் சில மாதங்களே கைகளைக் கேட்கும் பயிர். தேயிலை அப்படியில்லை, கொழுந்து ஆண்டு முழுவதும் எடுக்க வேண்டும், தினமும் பெரட்டுக்கு, அதாவது காலையில் ஆள் கணக்கெடுத்து வேலைக்கு அனுப்பும் இடத்துக்கு, ஆள் வேண்டும். 1867-ல் லூல்கந்துராவில் ஜேம்ஸ் டெய்லர் சிறிதாக ஆரம்பித்த தேயிலை, காப்பி பட்டுப்போன நிலத்தையெல்லாம் பிடித்தபோது, வந்துபோனவர்கள் குடும்பத்தோடு லயங்கள் எனும் வரிசை வீடுகளில் தங்கும்படி ஆனது. அப்படித் தங்கிய தலைமுறைகளின் பிள்ளைகளைத்தான் 1948-ன் குடியுரிமைச் சட்டம் நாடற்றவர்களாக்கியது. மலையகத் தமிழர் என்ற சமூகம் உருவானதில் ஒரு பூஞ்சைக்கும் பங்குண்டு. அதை எழுதும்போது கை தயங்குகிறது, ஏனென்றால் லயத்தில் அடைத்தவர்களின் பொறுப்பைப் பூஞ்சையின் தலையில் இறக்கிவிடக் கூடாது. ஆனால் நடந்தது அதுதான்.

இனி குரங்கு. தலையுச்சியில் மயிர் வட்டத் தொப்பிபோல் விரிந்திருக்கும் செங்குரங்கைச் சிங்களத்தில் ரிலவா என்கிறார்கள். நம் ஊர் நாட்டுக் குரங்குக்கு நெருங்கிய உறவு. உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் சிவப்புப் பட்டியலில் அது 'அழியும் ஆபத்தில்' என்ற பிரிவில் இருக்கிறது. அதன் துணையினங்களில் ஒன்று நுவரெலியா, ஹோர்ட்டன் சமவெளி போன்ற உயர்மலைக் காடுகளில் மட்டும் வாழ்வது. காப்பிக்கும் பிறகு தேயிலைக்கும் வெட்டப்பட்டது அந்த மலைநாட்டின் காடுதான்.

அதே குரங்கு இலங்கை விவசாயிக்கு என்னவாக இருக்கிறது? தேங்காயைக் குரும்பையிலேயே பறித்துப் போடுகிறது, வாழையைக் குலைக்கிறது, காய்கறித் தோட்டத்தை ஒரு காலையில் முடித்துவிடுகிறது. 2023 ஏப்ரலில் விவசாய அமைச்சராக இருந்த மஹிந்த அமரவீர, சீன மிருகக்காட்சிச் சாலைகளுக்கு 1,00,000 செங்குரங்குகளை அனுப்பும் யோசனையை வெளிப்படையாகப் பேசினார். எதிர்ப்பு எழுந்து வழக்கானது. ஏற்றுமதி நடக்காது என்று அந்த ஆண்டு ஜூனில் நீதிமன்றத்தில் அரசுத் தரப்பு சொன்னது. 2025 பிப்ரவரியில் பாணந்துறை துணை மின்நிலையத்தில் ஒரு குரங்கு புகுந்ததால்தான் நாடு முழுவதும் மின்சாரம் போனது என்றார்கள். அடுத்த மாதமே பயிரைக் கெடுக்கும் விலங்குகளை நாடெங்கும் ஒரே நாளில் எண்ணினார்கள்.

ஆபத்தில் இருக்கும் விலங்கைத் தொல்லை என்று ஏற்றுமதி செய்யப் பேசுவது முரணாகத் தோன்றும். ஆனால் ஆபத்து, தொல்லை இரண்டும் ஒருசேர உண்மையாக இருக்க முடியும். சிவப்புப் பட்டியல் தலைகளை மட்டும் எண்ணுவதில்லை. மூன்று தலைமுறைக் காலத்தில் எவ்வளவு வீதம் குறைந்தது என்பதையும் பார்க்கிறது. இன்றும் நிறைய இருப்பதுபோல் தெரியும் உயிர்கூட வேகமாகச் சரிந்துகொண்டிருக்கலாம். பொலன்னறுவையில் 1968 முதல் இந்தக் குரங்குகளைப் பின்தொடர்ந்த வுல்ஃப்காங் டிட்டஸின் ஆய்வுகள் மற்றொரு விஷயத்தையும் காட்டுகின்றன. கோயில் வாசலிலும் குப்பைமேட்டிலும் மனித உணவில் கொழுக்கும் கூட்டங்கள் பெருகுகின்றன. நம் கண்ணில் படுவது அவைதான். காட்டை இழந்த கூட்டங்கள் நம் கண்ணுக்குத் தெரியாமல் தேய்கின்றன.

தமிழ்நாட்டில் இதற்கு இணையானதைப் பார்க்க விரும்புகிறவர் வால்பாறைக்குப் போகலாம். சுமார் 220 சதுர கிலோமீட்டர் மேட்டுநிலம். பெரும்பகுதி தேயிலை, கொஞ்சம் காப்பி. நடுவில் தீவுகளாகச் சோலைக் காட்டுத் துண்டுகள். உலகில் மேற்குத் தொடர்ச்சி மலையில் மட்டுமே வாழும் சிங்கவால் குரங்கு, நம்மவர் சோலைமந்தி என்று அழைப்பது, அந்தத் துண்டுகளில் சிக்கியிருக்கிறது. மரம்விட்டு மரம் தாவ வேண்டிய விலங்கு, புதுத்தோட்டத்தில் தரையிறங்கிச் சாலையைக் கடக்கிறது, வீட்டுக்குள் புகுந்து தின்பண்டம் எடுக்கிறது. வண்டியில் அடிபட்டுச் செத்தவை உண்டு. அதனால் சாலைக்கு மேலே மரங்களுக்கிடையே பாலங்கள் கட்டியிருக்கிறார்கள். வெடிப்பலா மரத்தின் பூவையும் விதையையும் உண்டு வாழவேண்டிய மந்தியை வாசலுக்கு அழைத்துவந்தது யார் என்பதை விளக்க வேண்டியதில்லை.

இனி தராசுக்கு வருவோம். உயிர்களின் மதிப்பை அளக்க இதுவரை சொல்லப்பட்ட வழிகள் பல. பயனை வைத்து அளப்பது பழைய வழி. அதன்படி துருப் பூஞ்சைக்குக் கழித்தல் குறி. குரங்குக்கும் பெரிதாகக் கூட்டல் குறி கிடைக்காது. எல்லா உயிருக்கும் தன்னளவில் மதிப்பு உண்டு என்பது இரண்டாவது. அறத்தில் எனக்கு இதுவே நெருக்கமானது. ஆனால் பணமும் ஆளும் குறைவாக இருக்கும்போது முதலில் எங்கே போவது என்பதற்கு அது பதில் தருவதில்லை.

மூன்றாவது வழியை லண்டன் விலங்கியல் கழகம் 2007-ல் ஒரு திட்டமாகவே ஆரம்பித்தது. ஓர் உயிர் பரிணாம மரத்தில் எவ்வளவு தனித்த கிளை, அது எவ்வளவு ஆபத்தில் இருக்கிறது என்ற இரண்டையும் சேர்த்து வரிசைப்படுத்துவது அது. அழகையும் புகழையும் பார்க்காத அளவை என்பதால் எனக்குப் பிடித்தது. இதைத் துருப் பூஞ்சைக்குப் பொருத்திப் பார்த்தால் வியப்பான இடத்துக்கு வருகிறோம். செங்குரங்கின் பேரினத்தில் இருபதுக்கும் மேற்பட்ட இனங்கள் உண்டு; பரிணாமக் கணக்கில் அண்மையில் கிளைத்தவை. அறியப்பட்ட துருப் பூஞ்சைகள் ஏறத்தாழ 8,000. அவற்றின் மரத்தில் ஹெமிலியா அடிப்பகுதியிலேயே பிரிந்த பழைய கிளை. தனித்தன்மையை மட்டும் எடையிட்டால் பூஞ்சையின் தட்டு தாழக்கூடும். ஆபத்தைச் சேர்த்தால் குரங்கு முந்திவிடும், ஏனென்றால் காப்பித் துரு இன்று காப்பி விளையும் நாடுகள் ஏறக்குறைய எல்லாவற்றிலும் இருக்கிறது. 1970-ல் பிரேசிலின் பாயியாவை எட்டியது. 2012-13-ல் மத்திய அமெரிக்கச் சிறு விவசாயிகளைக் கடனில் தள்ளியது. அதைக் காப்பாற்றும் வேலை யாருக்கும் இல்லை.

எல்லாத் துருவும் அப்படியில்லை. ஒவ்வொரு துருவும் ஓரிரு செடிகளை மட்டுமே நம்பி வாழ்வதால், செடி அருகினால் துரு அதற்கு முன்பே மறையும். வேல்ஸ் நாட்டில் 2015-ல் துருப் பூஞ்சைகளுக்கென்றே ஒரு சிவப்புப் பட்டியல் வெளியானது. நோய்க்கிருமிகளின் வரிசையில் இருப்பவற்றைப் 'பாதுகாக்க வேண்டியவை' என்று அச்சிட்ட அந்தத் துணிவு எனக்குப் பெரிதாகப் படுகிறது. விலங்கு ஒட்டுண்ணிகளிலும் இது நடந்திருக்கிறது. அசாமின் மானஸ் புல்வெளிகளில் எஞ்சியிருக்கும் குள்ளப் பன்றியின் உடலில் மட்டும் வாழும் பேன் ஒன்று சிவப்புப் பட்டியலில் ஏறியிருக்கிறது. கலிபோர்னியாவில் கடைசிக் காண்டோர் கழுகுகளைப் பிடித்து வளர்த்தபோது மருந்தடித்துப் பேனை நீக்கினார்கள். கழுகு பிழைத்தது, அதன் பேன் இனம் ஒன்று உலகிலிருந்தே போனது. 2020-ல் ஒட்டுண்ணிகளைப் பாதுகாக்க ஓர் உலகத் திட்டத்தையே அறிவியலாளர் குழு ஒன்று வெளியிட்டது.

ஆனாலும் பூஞ்சைகளின் நிலை மொத்தத்தில் பரிதாபமானது. கியூ தாவரவியல் தோட்டத்தின் 2023 அறிக்கை பூமியில் 25 லட்சம் பூஞ்சை இனங்கள் இருக்கலாம் என்கிறது. பெயரிடப்பட்டவை சுமார் 1,55,000. சிவப்புப் பட்டியலில் மதிப்பிடப்பட்ட பூஞ்சைகள் 1,000-ஐத் தாண்டியதே 2025-ல்தான்: அந்த மார்ச்சில் எண்ணிக்கை சுமார் 1,300, அவற்றில் ஆபத்தில் உள்ளவை 411. பிரிட்டனின் 1981-ம் ஆண்டு வனவிலங்குச் சட்டத்தில், பாசியோடு இணைந்த லைக்கன்களை நீக்கிப் பார்த்தால், பாதுகாக்கப்பட்ட பூஞ்சைகள் நான்கே. அவை எல்லாமே கண்ணுக்கு நன்றாகத் தெரியும் பெரிய காளான்கள். 1992-ன் உயிரிப் பல்வகைமை உடன்படிக்கை தாவரம், விலங்கு, நுண்ணுயிர் என்று மட்டும் பேசியது. பூஞ்சைக்கு அதில் பெயர் இல்லை. 2024-ல் கொலம்பியாவின் காலி நகர மாநாட்டில் சிலியும் பிரிட்டனும் பூஞ்சையைத் தனியாக அங்கீகரிக்கக் கேட்டன. இத்தனைக்கும் உறவுமுறையில் பூஞ்சை நமக்குத்தான் நெருக்கம். செடிகள் பிரிந்துபோன பிறகும் விலங்குகளுக்கும் பூஞ்சைகளுக்கும் பொது மூதாதை இருந்தது. அதாவது குரங்குக்குக் காப்பித் துரு எவ்வளவு உறவோ, அந்த அளவு உறவு காப்பிச் செடி துருவுக்கு இல்லை.

நோய்க்கிருமியை அழித்துவிடுவதா வைத்துக்கொள்வதா என்ற கேள்வியும் லண்டனைச் சுற்றியே பலமுறை எழுந்திருக்கிறது. மாடுகளைக் கொன்ற வெக்கை நோய் 2011-ல் உலகிலிருந்து ஒழிந்ததாக அறிவிக்கப்பட்டது. சர்ரேயில் உள்ள பிர்பிரைட் நிறுவனம் தன்னிடம் இருந்த அந்த வைரஸ்களின் மரபணு வரிசையைப் பதிந்துகொண்டு, 2019-ல் இருப்பை அழித்தது. வெளியேறினால் பேரழிவு என்பதால் அந்த முடிவு எனக்குச் சரியாகப் படுகிறது. உருளைக்கிழங்கு நோயில் வேறொரு பாடம். பஞ்சக் காலத்து இலைகளைக் காய வைத்துக் கியூவிலும் மியூனிக்கிலும் வைத்திருந்தார்கள். 2013-ல் அவற்றிலிருந்து மரபணுவை எடுத்துப் பார்த்தபோது, அயர்லாந்தை வாட்டிய வகை இன்று உலகில் பரவியிருக்கும் வகை இல்லை, அநேகமாக மறைந்துபோன வேறொன்று என்று தெரிந்தது. அதற்குச் சுமார் 170 ஆண்டுக்கு முன் யாரோ ஒருவர் அழுகிய இலையைத் தூக்கி எறியாமல் ஒட்டி வைத்ததால் கிடைத்த அறிவு அது. பெர்க்லி தன் சேகரிப்பை 1879-ல் கியூவுக்குக் கொடுத்தார். இன்று அங்குள்ள பூஞ்சைக் காப்பகத்தில் 12.5 லட்சம் மாதிரிகள்.

மறுபடி தராசுக்கு வருவோம். செங்குரங்கு காட்டில் அருகியது, தோட்டத்தில் தொல்லையானது. துரு காட்டில் அமைதியாக இருந்தது, தோட்டத்தில் கொள்ளைநோயானது. மதிப்பிடும் வழிகள் எல்லாம் அரிதும் கேடும் அந்தந்த உயிரின் குணம் என்று எடுத்துக்கொள்கின்றன. எனக்கு அவை நாம் நிலத்தை வைத்திருக்கும் விதத்தின் விளைவுகளாகவே தெரிகின்றன. பிரிட்டனின் ஆஷ் மரங்களில் பெரும்பகுதியைக் கொல்லும் என்று அஞ்சப்படும் பூஞ்சை 2012-ல் அங்கே கண்டுபிடிக்கப்பட்டது. அது தன் பிறப்பிடமான கிழக்கு ஆசியாவில் உள்ளூர் ஆஷ் மரங்களைப் பெரிதாகத் துன்புறுத்தாமல் வாழ்கிறது. அதை மேற்கே கொண்டுவந்தது அநேகமாக நாற்று வணிகம்.

காப்பித் துருவின் பிறப்பிடம் கிழக்கு ஆப்பிரிக்காதான். எத்தியோப்பியக் காடுகளின் நிழலில் அரபிக்காச் செடியோடு அது இன்றும் வாழ்கிறது. அங்கே துருவையே உண்ணும் வெண்ணிறப் பூஞ்சை ஒன்றும் அதன் மேல் படர்கிறது. அந்த வெண்பூஞ்சை பச்சைச் செதில் பூச்சியையும் தாக்கும். மெக்சிகோவின் சியாபாஸில் சூழலியலாளர்கள் வாண்டர்மீரும் பெர்ஃபெக்டோவும் பல ஆண்டுகள் ஆராய்ந்தது இந்தப் பின்னலைத்தான்: மர எறும்பு செதில் பூச்சியை வளர்க்கிறது, பூச்சியில் பெருகும் வெண்பூஞ்சை அருகிலுள்ள துருவை அடக்குகிறது. நிழல் மரத்தை வெட்டினால் எறும்பு போகும், அதோடு இந்தச் சங்கிலியும் அறும். இந்தியாவில் பாலேஹொன்னூரில் மேய்ன் என்ற ஆய்வாளர் 1930-களில் துருவில் வெவ்வேறு வகைகள் இருப்பதைக் கண்டார். இன்று 50-க்கும் மேற்பட்ட வகைகள் தெரியும். எதிர்ப்புச் சக்தியோடு ஒரு புதிய காப்பி ரகம் வந்தால், சில ஆண்டுகளில் அதை வெல்லும் வகை ஒன்று தோன்றிவிடுகிறது. இந்தப் போட்டியில் விவசாயிக்கு உதவ வேண்டுமானால் துருவின் முழு வாழ்க்கையும் தெரிய வேண்டும். பல துருக்களுக்கு வாழ்க்கைச் சுழற்சியின் ஒரு பாதி வேறொரு செடியில் நடக்கும். காப்பித் துருவுக்கு அப்படி ஒரு செடி உண்டா என்பது 150 ஆண்டுத் தேடலுக்குப் பிறகும் தெரியவில்லை.

அதைத் தேட வேண்டிய காடுகள் வேகமாகச் சுருங்குகின்றன. கியூவின் ஆரன் டேவிஸும் உடன் பணியாற்றியவர்களும் 2019-ல் 124 காட்டுக் காப்பி இனங்களை மதிப்பிட்டார்கள். 60 விழுக்காடு அழியும் ஆபத்தில் இருக்கிறது. காட்டு அரபிக்காவும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. அதன் இலையில் வாழும் துருவின் காட்டு வகைகளையும், துருவை உண்ணும் வெண்பூஞ்சையையும் சேர்த்து எண்ணிய பட்டியல் இன்னும் வரவில்லை. எத்தியோப்பியாவில் நிழற்காட்டை நிற்கவைக்கவும், வால்பாறையில் சோலைத் துண்டுகளை இணைக்கவும், நுவரெலியாவில் எஞ்சிய மலைக்காட்டைக் காக்கவும் கேட்கும் பணம் மூன்று தனித்தனிக் கோப்புகளில் கிடக்கிறது. அவற்றை ஒரே கோப்பாக்கும் வேலையைக் கியூவும் லண்டன் விலங்கியல் கழகமும் சேர்ந்து தொடங்கலாம். ரயிலில் ஒரு மணி நேரத் தொலைவில் இருக்கும் நிறுவனங்கள் அவை.